மிஞ்சிய ஐந்து கடிதங்கள்: வன்னித் தாய்மாருக்குப் பிள்ளைகள் எழுதியவை

கிளிநொச்சி ஆசிரியை:

போர்க்காலத்தில் களத்தில் நின்ற பிள்ளைகள் வன்னியிலிருந்த தாய்மாருக்கு எழுதிய கடிதங்களைப் பற்றி, அவற்றைப் பெற்றவர்களும் எழுதியவர்களும் சுமந்து வந்து கொடுத்தவர்களும் இங்கே பகிர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, எங்கள் வீட்டுக் கதையை முதலில் வைக்கிறேன்.

1996 ஆம் ஆண்டு இலங்கை இராணுவத்தின் சத்ஜய படை நடவடிக்கை கிளிநொச்சியை நோக்கி வந்தபோது, நாங்கள் வீட்டையும் கிணற்றடித் தேசிமரத்தையும் விட்டுவிட்டு ஸ்கந்தபுரத்துக்கு இடம்பெயர்ந்து, உறவினர் ஒருவரின் காணியில் கொட்டில் போட்டு இருந்தோம். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அண்ணா வீட்டை விட்டு விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போனார். அவருக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்குப் பதின்மூன்று. 1998 செப்டெம்பர் வரை அவர் அம்மாவுக்குப் பதினான்கு கடிதங்கள் எழுதினார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும். ஆனாலும் கொப்பித் தாளின் இரண்டு பக்கமும் ஓரம் விடாமல் நெருக்கி எழுதிய அந்த எழுத்து, ஜாம் போத்தலில் எரிந்த மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் அவருக்குப் பிடிபடுவதில்லை என்பதால், பதினான்கையும் வாய்விட்டு வாசித்துக் காட்டியவள் நான்தான்.

கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி இருக்கும். இடமும் திகதியும் இருக்க மாட்டா. "அன்பின் அம்மாவுக்கு, நான் நல்ல சுகம். நீங்களும் தங்கச்சியும் சுகமாயிருக்க முருகண்டிப் பிள்ளையாரை வேண்டுகிறேன்" என்ற தொடக்கம் எல்லாவற்றுக்கும் பொது. 1997 மே 13 இல் ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கி, வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 வீதியைத் திறப்பதற்காகப் படையினர் வடக்கு நோக்கி நகர்ந்தபோது, ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று ஊர்ப் பெயர்கள் செய்தியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த காலமாகையால், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட நாங்கள், அந்தப் பெயர்களில் எந்த ஊரில் அண்ணா நிற்கிறார் என்று ஊகித்துக்கொண்டிருப்போம். கடிதமோ, சிவப்பிப் பசு கன்று போட்டுவிட்டதா, அது நாம்பனா, நான் கணக்கில் எத்தனை புள்ளி எடுத்தேன் என்று கேட்கும்.

அப்படிக் கேட்பவை சில கடிதங்கள்தான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் எழுத வந்த விடயமே அதுதான். மற்றக் கடிதங்களில் அண்ணா பகிடி விடுவார். அவர்களுக்குச் சமைத்தவரின் கைப்பக்குவத்தைப் பற்றி, "அம்மா, இங்கே பருப்புக் கறி என்று ஒன்று தருகிறார்கள், ஒரு பருப்பு நீந்துகிறது, மற்றது கரையில் நின்று பார்க்கிறது" என்று எழுதியிருந்தார். மலேரியாவில் பிதற்றிய நண்பர் ஒருவர் தன் பொறுப்பாளரை "அம்மம்மா" என்று கூப்பிட்டுக் கட்டிப்பிடித்ததை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். அதே நண்பர் இரண்டு கடிதங்கள் கழித்து இறந்துபோனதையும் எழுதியிருந்தார். கிளிநொச்சி நகரம் மீண்டும் கைமாறிய 1998 செப்டெம்பர் கடைசியில் அண்ணாவும் வீரச்சாவடைந்தார்.

பதினான்கும் அம்மாவின் ரங்குப்பெட்டியில், காணி உறுதிக்கும் என் பிறப்புச் சான்றிதழுக்கும் இடையில் இருந்தன. 2009 இல் தருமபுரம், விசுவமடு, தேவிபுரம், இரணைப்பாலை என்று நாங்கள் போன இடமெல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தவை பையாகச் சுருங்கி, பை மடியாகச் சுருங்கி, வலைஞர்மடத்தில் அம்மாவின் சீலைகளைக் கிழித்து மண்மூட்டை தைத்து மூடிய பதுங்குகுழிக்குள் வந்து சேர்ந்தபோது, கடலோரமாக மாத்தளன் பக்கம் போய் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குக் கடந்துவிடுவது என்று அம்மா முடிவெடுத்தார். கடப்பதென்றால் சோதனை இருக்கும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் படங்களைக் கிழித்தார்கள், அல்பங்களைப் புதைத்தார்கள். கடிதங்களை என்ன செய்வதென்று அம்மா என்னைக் கேட்டார், ஏனென்றால் அவற்றில் என்ன இருக்கிறது என்பது எனக்குத்தான் வரிவரியாகத் தெரியும்.

ஒரு பகல் முழுவதும் அவற்றைப் பிரித்து வைத்தேன். கொழும்பில் கடையில் நிற்கும் ஒரு மகன் எழுதியதாகச் சொல்லக்கூடியவை ஒரு பக்கம். அப்படிச் சொல்ல முடியாதவை மறுபக்கம். பசுவும் தேசிமரமும் என் கணக்குப் புள்ளியும் வந்த ஐந்து தேறின. ஒன்பது தேறவில்லை. ஒன்பதையும் கஞ்சிப் பானையின் கீழே வைத்தேன். விறகும் இல்லாத நாள் அது.

ஆகவே எங்கள் வீட்டில் இப்போது மிஞ்சியிருக்கும் அண்ணா, பகிடி தெரியாத அண்ணா. அந்த ஐந்து கடிதங்களை மட்டும் வாசிக்கும் என் பிள்ளைகள், மாமா சரியான பொறுப்பானவர், கொஞ்சம் சலிப்பானவர் என்று நினைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த மாமாவைத் தெரிவு செய்தவள் நான். உங்கள் வீடுகளில் எவை மிஞ்சின, எவை போயின, யார் தெரிவு செய்தார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

மல்லாவியிலிருந்து, ஓய்வுபெற்ற தபால் ஊழியர்:

தங்கச்சி எழுதியதில் ஒரு சிறு விளக்கம் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். இந்தக் கடிதங்கள் பெரும்பாலும் தபாலில் வந்தவை அல்ல. வன்னியில் அரசாங்கத்தின் தபால் கந்தோர்கள் போர்க்காலத்திலும் இயங்கின. நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருந்தோம். ஆயினும் வெளியிலிருந்து வரும் பைகள் வவுனியாவைத் தாண்டி வருவதற்குள் வாரங்கள் போய்விடும். வரும்போது உறைகள் பிரிக்கப்பட்டிருப்பதும் உண்டு. களத்திலிருந்து வரும் கடிதம் அந்த வழியில் வராது. விடுமுறையில் ஊருக்கு வரும் ஒரு பிள்ளை, தன்னுடன் நிற்கும் ஐந்தாறு பேரின் கடிதங்களைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கொடுக்கும். தன் வீட்டுக்குப் போகுமுன் மற்ற வீடுகளை முடித்துவிட வேண்டும் என்பது அவர்களுக்குள் எழுதாத ஒழுங்கு.

அப்படிக் கொண்டு வந்தவர்களுக்குச் சில வீடுகளைத் தெரியாது. அவர்கள் என்னிடம் வந்து, "ஐயா, இன்ன குளத்தடியில் இருந்தவையாம், இப்ப எங்க இருக்கினம்?" என்று கேட்பார்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முகவரி என்ற ஒன்றே அழிந்துபோயிருந்த காலத்தில், எந்தக் குடும்பம் எந்தப் பள்ளிக்கூட வளவில், எந்தக் கோயில் மடத்தில் இருக்கிறது என்பது தபாற்காரருக்கும் சங்கக்கடை மனேச்சருக்கும்தான் தெரியும். முத்திரையும் இல்லாமல் தபால் கந்தோர் அடையாளமும் இல்லாமல் நான் கொண்டுபோய்க் கொடுத்த கடிதங்கள் இருநூறுக்குக் குறையாது. உறை என்று தனியாக ஒன்று கிடைக்காது. வேறு யாருக்கோ வந்த உறையைப் பிரித்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி மடித்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருப்பார்கள். தாய்மார் உறையைப் பிரிக்கும்போது உள்ளே வேறொரு வீட்டின் முகவரி தெரியும். அதையும் சிலர் எழுத்துக்கூட்டி வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன்; மகன் தொட்ட தாளில் இருக்கிற எதையும் விட்டுவிட மனம் இல்லை போலும்.

தங்கச்சி கேட்டதற்குப் பதில்: என்னிடம் எதுவும் மிஞ்சவில்லை. கொடுக்கப் போன வீட்டில் ஆள் இல்லாமல் என் மேசைக்குள் தங்கிப்போன ஏழு கடிதங்கள் மட்டும் இருந்தன. அவற்றைப் பிரிக்கவில்லை. மேசையோடு போய்விட்டன.

முன்னாள் போராளி ஒருவர், முழங்காவில்:

எழுதிய பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். என் தாயார் 1990 களின் தொடக்கத்திலேயே காலமாகிவிட்டார். எழுதுவதற்கு எனக்கு ஆள் இல்லாததாலும், கையெழுத்து ஓரளவு அழகாக இருந்ததாலும், மற்றவர்களின் கடிதங்களை எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. இடத்தின் பெயர், ஆட்களின் தொகை, ஆயுதம், பொறுப்பாளரின் பெயர் எதுவும் வரக் கூடாது. எழுதியதைப் பொறுப்பாளர் வாசித்த பின்புதான் அது போகும். இந்த ஒழுங்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் தாய்மாரின் ஊகம் அதைவிடக் கூரானது. "இங்கே பாலைப்பழம் நன்றாகப் பழுத்திருக்கிறது" என்று ஒருவர் எழுதிய வரியை வைத்து, மகன் கரையோரத்தில் இல்லை, உள்காட்டில்தான் நிற்கிறான் என்று அவருடைய தாயார் கண்டுபிடித்து, அடுத்த முறை வந்த ஆளிடம் நுளம்புக்கு வேப்பெண்ணெய் கொடுத்து விட்டிருந்தார். அதற்குப் பிறகு பழங்களின் பெயரும் எழுதக் கூடாது என்றார்கள். நாங்கள் சிரித்தோம்; ஆனால் எழுதவில்லை.

எங்களுடன் நின்ற ஒருவர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல், எதிரே நின்ற முதிரை மரத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொல்லுவார். முதலிரண்டு கடிதங்களில் தாயாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவனுக்கு இவ்வளவு எழுத்து எப்போது வந்தது என்று கேட்டு அனுப்பியிருந்தார். அதற்கு அவர், "இங்கே படிப்பிக்கிறார்கள், நான் எழுதப் பழகிவிட்டேன் என்று போடு" என்றார். படிப்பித்தார்கள் என்பது உண்மை. அவர் பழகினார் என்பது முழு உண்மை அல்ல; தன் பெயரைக் கோணலில்லாமல் எழுதுமளவுக்கு வந்திருந்தார்.

2011 ஆம் ஆண்டு புனர்வாழ்வு முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு அந்த அம்மாவைத் தேடிப் போனேன். தறப்பாள் கொட்டில் ஒன்றில் இருந்தார். தேநீர் தந்துவிட்டு, பொலித்தீன் பைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் கையில் வைத்து, "பிள்ளை மூண்டாம் வகுப்போட நிண்டவன் தம்பி. அங்க போய்ப் பழகின எழுத்தைப் பாருங்கோ, அச்சு மாதிரி" என்றார். நான் அதை எழுதிய நாள் எனக்கு நினைவிருந்தது. மழை வந்து "அம்மா" என்ற சொல்லின் மேல் ஒரு துளி விழுந்து மை கரைந்ததும் நினைவிருந்தது. அந்தக் கறை அப்படியே இருந்தது. "நல்ல எழுத்து அம்மா" என்று சொல்லி மடித்துக் கொடுத்தேன்.

இதை இங்கே எழுதுவது சரியா என்று தெரியவில்லை. அந்த அம்மா இப்போது உயிருடன் இல்லை.

பரந்தன் வாசகர்:

நான் சொல்லப்போவது மறுதரப்புக் கடிதம் ஒன்றைப் பற்றி. 1998 ஒக்டோபரில், கிளிநொச்சியிலிருந்து படையினர் வெளியேற்றப்பட்டுச் சில நாட்களின் பின், எங்கள் வளவு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க அப்பாவுடன் போனேன். வளவுக்குள் வெட்டியிருந்த காவலரண் ஒன்றின் மூலையில், பிஸ்கற் ரின் ஒன்றுக்குள் சிங்களத்தில் எழுதிய கடிதம் கிடந்தது. மடித்திருந்தது, ஆனால் அனுப்பப்படவில்லை. அப்பா எறியச் சொன்னார். நான் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். பதினாறு வயதில் அது எனக்கு ஒரு வெற்றிப் பொருளாகத் தெரிந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

எங்களுக்குப் பக்கத்தில் இருந்த முதியவர் ஒருவர், 1983 கலவரம் வரை தெற்கில் பேக்கரி ஒன்றில் வேலை செய்தவர். சிங்களம் நன்றாக வாசிப்பார். அவரிடம் கொடுத்தேன். "ஆதரணீய அம்மே" என்று தொடங்குகிறது என்றார். கூரைக்குத் தகடு வாங்க இந்தச் சம்பளத்தில் காசு அனுப்புவதாகவும், மழை வருமுன் போட்டுவிட வேண்டும், மாமாவை நம்பி இருக்க வேண்டாம் என்றும், தங்கைக்கு டிசெம்பரில் சாதாரண தரப் பரீட்சை என்பதால் அவளை வயலுக்கு அனுப்ப வேண்டாம் என்றும், தனக்காகப் போதி பூசை செய்ததை அறிந்து சந்தோசப்பட்டதாகவும் எழுதியிருந்தது. பிறகு பெரியவர் ஒரு வரியில் நின்றார். "நான் வவுனியாவில் களஞ்சியத்தில் வேலை. இங்கே சண்டை இல்லை, பயப்பட வேண்டாம்" என்று இருந்ததாம். கடிதம் கிடந்த இடம் கிளிநொச்சியின் முன்னரண். கடைசியில் "புது சரணாய்" (புத்தரின் காவல் கிடைக்கட்டும்) என்று எழுதி, பெயருக்குப் பதிலாக மகன் என்று மட்டும் போட்டிருந்தது.

நம் பிள்ளைகள் இடத்தை எழுதாமல் விட்டார்கள். இவன் பொய்யான இடத்தை எழுதியிருந்தான். பெரியவர் நெடுநேரம் அதைக் கையில் வைத்திருந்துவிட்டு, "இது உன்ர சாமான் இல்லை" என்றார். அடுத்த கிழமை செஞ்சிலுவைச் சங்க வாகனம் வந்தபோது அவரே போய்க் கொடுத்தார். முகவரி இல்லாத கடிதத்தை அவர்களால் என்ன செய்திருக்க முடியும் என்று இன்றும் யோசிப்பதுண்டு. அந்தப் பையன் தப்பிப் போனானா, அங்கேயே முடிந்தானா என்பதும் கடிதத்தில் இல்லை.

உருத்திரபுரம்:

பரந்தன் தம்பி எழுதியதை வாசித்தேன். உண்மையாக எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கூரைத் தகட்டு வரியை என்னால் அமைதியாக வாசிக்க முடியவில்லை. 2002 இல் நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் கதவு நிலைகளும் இல்லை, கூரை மரங்களும் இல்லை. எல்லாம் காவலரண்களுக்குப் போயிருந்தன. அந்தப் பையனுடைய தாயின் தலைக்கு மேல் தகடு வந்திருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் அம்மா எட்டு ஆண்டுகள் ஓலைக்குள் இருந்தார் என்பதையும் இதே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இரணைப்பாலை:

இங்கே வந்தவை எல்லாம் தாமாகப் போன பிள்ளைகளின் கடிதங்கள். எங்கள் தம்பி தானாகப் போனவன் அல்ல. 2008 ஆம் ஆண்டின் இறுதியில், வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் இயக்கத்தினர் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பதினெட்டு முடிந்து இரண்டு மாதம். அம்மா அவனை நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். சோறு கொண்டுபோகும்போது கண்டுபிடித்துவிட்டார்கள்.

அவனிடமிருந்து வந்தது ஒரேயொரு கடிதம், 2009 பெப்ரவரியில். காயப்பட்ட ஒருவர் கொண்டு வந்து தந்தார். சிகரெட் பெட்டியின் உட்தாளில் எழுதியிருந்தான். மேல் பாதியில், தான் சுகம் என்றும், கால் புண் மாறிவிட்டது என்றும், நாய்க்குட்டியை அவிழ்த்து விடும்படியும் இருந்தது. கீழ்ப் பாதியில் இரண்டு வரி: "அம்மா, எப்படியாவது வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் இனி எதுக்கும் குழப்படி செய்ய மாட்டன்."

அம்மா போனார். அந்த எறிகணைகளுக்குள் இரண்டு முறை போய்க் கேட்டார், அவனைக் காணவில்லை. அதன் பிறகு யாரும் காணவில்லை.

அந்தக் கடிதம் எங்களிடம் இருக்கிறது. ஆசிரியை அக்கா, நீங்கள் தெரிவு செய்து எரித்ததை எழுதியிருந்தீர்கள். எங்கள் அம்மா எரிக்கவில்லை, மடித்தார். செட்டிகுளம் முகாமில் இருந்தபோது அந்தத் தாளை மருந்துச் சீட்டுக்குள் மடித்து வைத்திருந்தார். 2010 இலிருந்து எத்தனையோ ஆணைக்குழுக்கள், அலுவலகங்கள். போகும் இடத்துக்கேற்ப மடிப்பு மாறும். விசாரிப்பவர்களுக்கு முன் கீழ்ப் பாதி மேலே வரும்படி மடித்து, பிள்ளை விரும்பிப் போகவில்லை என்று காட்டுவார். ஊரில், மகன்மாரை அதே களத்தில் இழந்த அம்மாமாருக்கு நடுவில் இருக்கும்போது, மேல் பாதி மட்டும் தெரியும்படி மடித்து, "கால் புண் மாறிட்டுதாம்" என்று சொல்வார். அவர்களுடைய பிள்ளைகளைத் தாழ்த்தியது போல ஆகிவிடக் கூடாது என்பது அவருடைய கவலை. ஓர் அலுவலகத்தில், திகதி இல்லாத தாளை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டார்கள். அம்மா மறுமொழி சொல்லாமல் எடுத்து மடித்துக்கொண்டார்.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டத்தைத் தொடங்கியபோது அம்மாவும் போய் இருந்தார். வெயிலிலும் வியர்வையிலும் தாள் கெட்டுவிடும் என்று நான் அதைக் கடையில் கொடுத்து லமினேற் செய்வித்தேன். இரண்டு பாதியும் தெரியட்டும் என்று விரித்து வைத்து ஒட்டுவித்தேன். அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனி மடிக்கேலாதே" என்றார். நான் செய்தது பிழை என்று அப்போதுதான் விளங்கியது. இப்போது கீழ்ப் பாதியை உள்ளங்கையால் மறைத்துப் பிடித்துக்கொள்கிறார்.

வவுனியாவிலிருந்து ஓர் அம்மா (மகள் எழுதுகிறேன்):

அம்மா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்கிறேன். எங்கள் அண்ணாவின் கடிதங்கள் சிறையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊடாக வந்தவை. அவர்கள் தரும் படிவத்தில், மூடாமல், குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம். வழியில் வாசிப்பவர்கள் வாசிப்பார்கள். அம்மா சொல்கிறார்: எல்லோரும் வாசித்த கடிதம் என்றாலும் முதலில் வாசித்தது எழுதினவன்தானே, அது போதும். பதில் எழுதும்போது படிவத்தில் இடம் போதாமல் ஓரங்களில் சுற்றிச் சுற்றி எழுதுவாராம். எங்களிடம் இருபத்திரண்டு படிவங்கள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் சட்டத்துக்குப் பயப்பட ஒன்றும் இல்லாததால் எதையும் அழிக்க வேண்டி வரவில்லை. அண்ணா 2003 இல் வீட்டுக்கு வந்துவிட்டார். இங்கே மற்றவர்கள் எழுதியவற்றை வாசித்துக் காட்டிய பிறகு, இதை எழுத வேண்டாம் என்று அம்மா முதலில் சொன்னார். பிறகு எழுது என்றார்.

கிளிநொச்சி ஆசிரியை:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. தனிப்பட்ட முறையில் தேசிமரத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: 2002 இல் நாங்கள் திரும்பி வந்தபோது மரம் இல்லை, கிணறு இருந்தது.

முழங்காவில் அண்ணாவின் பகிர்வை வாசித்த இரவு எனக்கு ஒரு யோசனை வந்தது. எரித்த ஒன்பது கடிதங்களும் எனக்குப் பெரும்பாலும் மனப்பாடம். ஒவ்வொன்றையும் அம்மாவுக்காக எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். ஆகவே ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, நினைவிலிருப்பவற்றை எழுதத் தொடங்கினேன். பருப்பு நீந்திய கடிதமும், அம்மம்மா கடிதமும் ஏறத்தாழ முழுமையாக வந்துவிட்டன. அவற்றை வாசித்த என் மகன் சிரித்துவிட்டு, "மாமா இப்படிப் பகிடி விடுவாரா?" என்று கேட்டான். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் புதிதாகச் சிரிக்க அண்ணாவால் முடிந்தது.

சிக்கல் ஐந்தாவது கடிதத்தில் வந்தது. அது 1997 மார்கழியில் வந்த கடிதம். அதன் கடைசிப் பக்கத்தில், "அம்மா, விடியப்புறம் சரியான குளிர். உங்கட பழைய சீலை ஒண்டு இருந்தால் இவரிட்டைக் குடுத்து விடுங்கோ" என்று அண்ணா எழுதியிருந்தார். அதை வாசித்தபோது கொட்டிலின் எந்தக் கப்பில் சாய்ந்து இருந்தேன் என்பது வரை எனக்கு நினைவிருக்கிறது. அம்மா உடனே எழுந்து போய், நீலக் கரை போட்ட நூல் சீலையை எடுத்து, நான்காக மடித்து, கடிதம் கொண்டு வந்த பிள்ளையிடம் கொடுத்தார். பிறகு அண்ணாவின் பையைக் கொண்டு வந்து தந்தபோது அதற்குள் அந்தச் சீலை இருக்கவில்லை.

எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. கண் பார்வை மங்கிவிட்டது, காது கூர்மை. அந்த வரி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அவன் கேக்கேல்லை" என்றார்.

கேட்டிருந்தார் என்றும், நான்தானே வாசித்தேன் என்றும் சொன்னேன்.

"அவன் ஒரு நாளும் ஒண்டும் கேட்டவன் இல்லை. 'இங்கை குளிர் இல்லை, நீங்கள் யோசியாதேங்கோ' எண்டுதான் எழுதினவன். குளிருமெண்டு நினைச்சு நான்தான் குடுத்து விட்டனான். எழுதினதை எழுதினபடி எழுது."

அந்தத் தாள் இருந்திருந்தால் இரண்டு விநாடியில் முடிந்திருக்கும் வாக்குவாதம் இது. மூன்று நாட்களாக அம்மா என்னுடன் சரியாகப் பேசவில்லை. நேற்றுப் பின்னேரம் அந்தப் பக்கத்தில் என் வரியை எழுதி, அதற்குக் கீழே அம்மா சொன்ன வரியையும் அதே கையெழுத்தில் எழுதினேன். எது யாருடையது என்று குறிப்பிடவில்லை. அம்மா இரண்டையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இரண்டாவதை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.